நாலு சக்கரமும் இழுக்கிற குட்டிக் கார்: ஏன் இத்தனை பேர் காத்திருக்கிறோம்?

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பேக்கரியில் சாயங்காலம் ஆனால் நாலைந்து பேர் கூடுவோம். ஆளுக்கொரு டீ, தேங்காய் பன், பேச்சு முழுக்க கார். போன மாதம் சித்தப்பா மகன், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவன், எங்களோடு வந்து உட்கார்ந்தான். வெளிநாட்டில் எங்கேயோ உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிச் சோதனை ஓட்டத்தில் இருக்கும் ஒரு ஹேட்ச்பேக்கின் படத்தை எங்கள் ஆட்கள் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பின்பக்கம் அடியில் தெரிகிற கறுப்பு உருண்டை டிஃபரன்ஷியலா, இல்லை சைலன்சரா என்று அரைமணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "ஏனுங்ணா, எல்லாக் காருக்கும் நாலு சக்கரமும் சுத்தத்தானே செய்யுது? இதுல மட்டும் என்ன விசேஷம்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்தக் கறுப்பு உருண்டைக்காக ஏன் அரைமணி நேரம் போனது என்பதும் தெரிந்துவிடும். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் படிக்கலாம், மாட்டு வண்டியும் டிராக்டரும் பார்த்திருந்தால் போதும்.

முதலில் பெயர்கள். ஹேட்ச்பேக் என்றால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டு நிற்காத கார், பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும். நம் தெருவில் நிற்கிற சின்னக் கார்களில் பாதிக்கு மேல் அதுதான். அதே உடம்பில் பெரிய எஞ்சினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் நல்ல பிரேக்கும் போட்டால் அதை ஹாட் ஹேட்ச் என்பார்கள். பால் வாங்கவும் அதே கார், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆழியாறு தாண்டி மலை ஏறவும் அதே கார். ஒரே வண்டியில் இரண்டு வாழ்க்கை என்பதால்தான் இந்த வகை மேல் இத்தனை பேருக்கு ஆசை.

இனி அவன் கேள்விக்கு வருவோம். சக்கரம் சுற்றுவது வேறு, சக்கரத்தை எஞ்சின் சுற்ற வைப்பது வேறு. மாட்டு வண்டியில் சக்கரம் சுற்றுகிறது, ஆனால் இழுப்பது மாடு. அதேபோல நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களில் எஞ்சின் விசை முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் போகிறது. பின் சக்கரங்கள் சும்மா உருண்டுகொண்டு வருகின்றன. இதுதான் ஃப்ரன்ட் வீல் டிரைவ். லாரியிலும் பஸ்ஸிலும் பின் சக்கரம் தள்ளுகிறது. நாலு சக்கரத்துக்கும் விசை போனால் ஆல் வீல் டிரைவ். சரி, போனால் என்ன லாபம்?

லாபத்தைப் புரிந்துகொள்ள டயரிடம்தான் போக வேண்டும். கார் ரோட்டைத் தொடுகிற இடம் ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். இழுப்பது, திரும்புவது, நிற்பது மூன்றையும் அந்த நாலு உள்ளங்கைதான் செய்தாக வேண்டும். ஒரு டயரிடம் நூறு ரூபாய்க்குப் பிடிமானம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இழுக்க அறுபது செலவானால் திரும்ப நாற்பது மிச்சம் என்றுதான் யாரும் நினைப்போம். டயரின் கணக்கு அப்படியில்லை. அது பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கு: இழுக்கச் செலவானதின் வர்க்கமும் மிச்சத்தின் வர்க்கமும் சேர்ந்தால் நூறின் வர்க்கம். ஆக இழுக்க 60 போனாலும் திரும்ப 80 இருக்கிறது. 80 போனால் 60 இருக்கிறது. ஆனால் 95 போனால் மிச்சம் 31தான். முதலில் ஒன்றுமே குறையாத மாதிரி இருந்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாகச் சரிகிறது. மழையில் வளைவில் ஆக்சிலேட்டரை இன்னும் ஒரு துளி மிதித்ததும், இவ்வளவு நேரம் சொன்ன பேச்சு கேட்ட கார் திடீரென்று நேராக ஓடுகிறதே, காரணம் இந்தக் கணக்குதான்.

இப்போது இதையே நாலு சக்கரத்துக்குப் போடுங்கள். முன் சக்கரம் மட்டும் இழுக்கிற காரில் ஒவ்வொரு முன் டயரும் இழுக்க 80 செலவழிக்கிறது, திரும்ப மிச்சம் 60. பின் டயர் இரண்டும் இழுப்பதற்கு ஒரு பைசாகூடச் செலவழிக்காமல் நூறையும் மடியில் கட்டிக்கொண்டு வருகின்றன. அதே இழுவையை நாலு டயருக்கும் பிரித்தால் ஆளுக்கு 40. அப்போது ஒவ்வொரு டயரிடமும் திரும்புவதற்கு மிச்சம் ஏறக்குறைய 92. பின் டயர் எட்டு ரூபாய் கொடுத்தது, முன் டயருக்கு முப்பத்திரண்டு ரூபாய் கிடைத்தது. இந்த ஒரு கணக்கு மனசில் பதிந்துவிட்டால் ஆல் வீல் டிரைவ் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. அவனிடம் பேக்கரி பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன், அவனே 91.7 வரைக்கும் போட்டுவிட்டான்.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது காரின் மூக்கு லேசாகத் தூக்கும், பின்பக்கம் அமுங்கும். எடை பின்னால் போகிறது. எடை குறைந்த முன் டயரிடம் நூறு இருந்தது எண்பத்தைந்து ஆகிறது, பின் டயரிடம் நூற்றுப் பதினைந்து ஆகிறது. இழுக்க வேண்டியவன் கையில் காசு குறைகிற அதே நேரத்தில் சும்மா வருகிறவன் கையில் காசு சேர்கிறது! மலை ஏற்றத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் சரிவே எடையைப் பின்னால் தள்ளிவிடுகிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வருஷம் முன்பு ஆடி மாதச் சாரலில் எங்கள் வீட்டு ஹேட்ச்பேக்கில் ஏறிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவு தாண்டி மேலே ஓர் இடத்தில், ரோட்டில் ஈர இலைச் சருகு, இரண்டாவது கியர், வளைவு முடிவதற்குள் மிதித்துவிட்டேன். உள்பக்க முன் சக்கரம் கிர்ரென்று சுற்றியது, ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போனது, கார் வளையாமல் கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் போனது. காலை எடுத்ததும் பிடித்துக்கொண்டது, ஒன்றும் ஆகவில்லை. அந்த அரை நொடியில் நடந்தது முழுக்க மேலே சொன்ன கணக்குதான்: இழுக்கவும் திரும்பவும் அதே இரண்டு டயரிடம் கேட்டேன், அவற்றிடம் இல்லை.

1976இல் விற்பனைக்கு வந்த, ஃபோக்ஸ்வேகனின் ஹாட் ஹேட்ச்சான முதல் கோல்ஃப் ஜிடிஐயின் எஞ்சின் 110 குதிரைத்திறன். அந்த அளவுக்கு முன் டயர் இரண்டே தாராளம். இன்றைக்கு இந்த வகைக் கார்கள் 250, 300, அதற்கும் மேலே போய்விட்டன, ஆனால் டயர் ரோட்டைத் தொடும் உள்ளங்கை மட்டும் அதே மாதிரி பெருகிவிடவில்லை. முழு விசையையும் முன்னால் கொடுத்தால் ஸ்டீயரிங்கே கையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்கும், டார்க் ஸ்டியர் என்பது அதுதான். முன் சக்கர இழுவையிலேயே இதையெல்லாம் அருமையாகச் சமாளிக்கிற கார்களும் உண்டு, ஹோண்டா சிவிக் டைப் ஆர் அப்படி ஒன்று, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஈரமான ஏற்றத்தில் கணிதம் கணிதம்தான்.

அடுத்து டிஃபரன்ஷியல். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரித் தொழில் செய்கிறவர்களுக்கு இது சோறு போடுகிற சொல், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்க அப்பாரு காலத்தில் களத்தில் கதிரைப் பரப்பி மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள், பிணையல் ஓட்டுவது என்று பெயர். உள்ளே இருக்கிற மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும், வெளிக்கோடி மாடு ஓட்டமும் நடையுமாக வர வேண்டும். ஒரே சுற்றுதான், ஆனால் வெளிமாட்டுக்குத் தூரம் அதிகம். காரும் அப்படியே. வளைவில் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டுதான் திரும்ப முடியும். அதனால் நடுவில் ஒரு பல்சக்கரக் கூட்டை வைத்து, "நீ வேகமாகப் போ, நீ மெதுவாக வா" என்று இரண்டுக்கும் விட்டுக்கொடுக்கிறார்கள். அதுதான் டிஃபரன்ஷியல். முன் சக்கரம் மட்டும் இழுக்கிற காரில் பின்னால் இது தேவையே இல்லை. பின்னால் ஒன்று தெரிந்தால் பின் சக்கரமும் இழுக்கிறது என்று அர்த்தம், அந்தக் கறுப்பு உருண்டைக்கு அரைமணி நேரம் போனது இதனால்தான்.

அந்த விட்டுக்கொடுக்கும் குணமே அதன் குறையும்கூட. அது இரண்டு பக்கமும் சம விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் அதற்குத் தேவையான விசை கொஞ்சம்தான், மறுபக்கம் கெட்டித் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சமே கிடைக்கும். வண்டி நகராது. டிராக்டர் ஓட்டுகிற எவரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வழி தெரியும். காலடியில் டிஃப் லாக் பெடல் இருக்கிறது, மிதித்தால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால், டிராக்டரில் இடது வலதுக்குத் தனித்தனி பிரேக் இருக்கிறதே, வழுக்குகிற பக்கத்துப் பிரேக்கை மட்டும் அழுத்தினால் விசை மறுபக்கம் போய்விடும். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் செய்கிற எலக்ட்ரானிக் டிஃப் லாக் என்பது இந்த இரண்டாவது வித்தைதான். தென்னந்தோப்பில் நம் ஆட்கள் காலால் செய்வதை அது நொடிக்குப் பல முறை செய்கிறது, அவ்வளவுதான். விசையை வீணாக்காமல் பல்சக்கரமோ கிளட்சோ வைத்து இதைச் செய்வது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். கார் விவரப் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையோடு படியுங்கள்.

நாலு சக்கரம் இழுக்கிற காரில் இதே சிக்கல் முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் நடுவிலும் வரும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. அந்த நடு இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முழு விஷயமே. எங்கள் பேச்சு எப்போதும் அங்கேதான் போய் நிற்கும்.

ஒன்றுமே வைக்காமல் பூட்டிவிடுவது ஒரு வழி. ஜிப்சி, ஜிம்னி, தார் மாதிரி வண்டிகளில் 4ஹெச் என்கிற நாலு சக்கர இழுவை நிலையைப் போட்டால் முன்னும் பின்னும் இறுகிவிடும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும் என்பதால் பிரச்சினை இல்லை. காய்ந்த தார் ரோட்டில் அப்படியே இறுக்கி வளைத்தால் ஸ்டீயரிங் மல்லுக்கு நிற்கும், வண்டி துள்ளும், கியர் பெட்டிக்குக் கெடுதல். ஆகவே தார் ரோட்டில் எப்போதும் நாலு சக்கர இழுவை வேண்டும் என்றால் வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு காருக்கு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1977 குளிர்காலத்தில் பின்லாந்தின் பனியில் ஆடி (Audi) என்கிற ஜெர்மன் கார் நிறுவனத்தார் கார்களைச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். துணைக்கு வந்திருந்தது இல்டிஸ் என்கிற ராணுவ ஜீப், 75 குதிரைத்திறன்தான், உயரமாக, கட்டை வண்டி மாதிரி. பனியில் அது பெரிய எஞ்சின் கார்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போனது. அதைப் பார்த்த பொறியாளர் யோர்க் பென்சிங்கர், இதையே ஒரு வேகமான காருக்குச் செய்தால் என்ன என்று கேட்டார். 1980 மார்ச்சில் ஜெனீவாவில் ஆடி குவாட்ரோ வந்தது, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியலோடு. 1981இல் உலக ராலிக்குள், அதாவது மண், பனி, மலை ரோடுகளில் நேரத்தைக் கணக்கிட்டு ஓட்டும் பந்தயத்துக்குள் நுழைந்தது. அதே வருஷம் இத்தாலியின் சான் ரெமோ ராலியை அந்தக் காரில் மிஷேல் மூட்டோன் வென்றார், உலக ராலிச் சுற்றில் வென்ற முதல் பெண் அவர். அதற்குப் பிறகு இரண்டு சக்கரம் இழுக்கிற கார்களுக்கு ராலியில் எதிர்காலம் இல்லை என்பது சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஹேட்ச்பேக் இதற்குள் எப்படி வந்தது? 1986இல் தொடர் விபத்துகளுக்குப் பிறகு, குரூப் பி என்கிற கட்டுக்கடங்காத ராலிக் கார்களை நிறுத்தினார்கள். 1987 முதல் குரூப் ஏ விதி: ராலியில் ஓடும் கார், பொதுமக்களுக்கு விற்கிற காரிலிருந்து வர வேண்டும், அதை 5,000 எண்ணிக்கை செய்து காட்ட வேண்டும். இத்தாலியின் லான்சியா நிறுவனத்திடம் டெல்டா என்று ஒரு சாதுவான குடும்ப ஹேட்ச்பேக் இருந்தது. அதில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போவும் நாலு சக்கர இழுவையும் போட்டார்கள். 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு வருஷம் தயாரிப்பாளர் உலகப் பட்டம் அந்தக் காருக்குத்தான். விதி இருந்ததால், உலகச் சாம்பியன் காரின் உடன்பிறப்பை ஒரு சாதாரண ஆள் ஷோரூமில் வாங்கி வீட்டுக்கு ஓட்டிப்போக முடிந்தது. இன்றைக்குப் புதிதாக ஒரு நாலு சக்கர இழுவை ஹேட்ச்பேக் வரப்போகிறது என்றாலே மனசு துள்ளுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2020இல் டொயோட்டா ஜிஆர் யாரிஸ் வந்தபோது எங்கள் கூட்டத்தில் எல்லோரும் குழந்தை மாதிரி ஆகிவிட்டதற்கும் அதுவே காரணம். ராலிக்காக யோசித்துச் செய்த, மூன்று கதவு மட்டுமே உள்ள, 1,280 கிலோ எடைக் கார். 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர், டர்போ, ஐரோப்பாவில் 261 குதிரைத்திறன். 2024இல் அதை 280 ஆக்கி, கூடவே ஆட்டோமேட்டிக் கியரும் கொடுத்தார்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் நம் ஊர்ச் சின்னக் கார்களில் இருக்கிற அதே எண்ணிக்கைதான், அதிலிருந்து இவ்வளவு எடுப்பது சாதாரண வேலை இல்லை.

இந்தக் காலத்து ஹேட்ச்பேக்குகளில் நடுவில் இருப்பது பெரும்பாலும் டிஃபரன்ஷியல் இல்லை, கிளட்ச். பைக்கில் கிளட்ச் பிளேட் மாற்றியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: எண்ணெயில் நனைந்த பிளேட்டுகள் அடுக்கடுக்காக, அழுத்தினால் ஒட்டும், விட்டால் வழுக்கும். அதே அடுக்கை இன்னும் கனமாகச் செய்து பின் ஆக்சிலுக்கு முன்னால் வைக்கிறார்கள். அழுத்தம் கூடினால் பின் சக்கரத்துக்கு விசை போகும், குறைந்தால் கார் ஏறக்குறைய முன் சக்கர இழுவையாக ஓடும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம். ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் நிறுவனம் இதில் பேர்போனது. முதலில் வந்தவற்றில் முன் சக்கரம் வழுக்கிய பிறகுதான் கிளட்ச் விழித்துக்கொள்ளும், அதனால் ஓட்டுகிறவர்கள் அதை அரைமனதாகத்தான் மதித்தார்கள். இப்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்து முன்கூட்டியே அழுத்திவிடுகிறது, அந்தப் பழைய குறை பெரும்பாலும் போய்விட்டது.

ஆனாலும் ஒரு வரம்பு உண்டு. கிளட்சை முழுக்க அழுத்திவிட்டால் முன்னும் பின்னும் பூட்டின மாதிரி, அதற்கு மேல் பின்னால் அதிகமாக அனுப்ப வழியில்லை. இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள். பின்பக்கத்துப் பல் எண்ணிக்கையைக் கொஞ்சம் மாற்றி, பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட ஒரு மயிரிழை வேகமாகச் சுற்ற முயலும்படி வைத்துவிட்டார்கள். அப்போது கிளட்சை அழுத்த அழுத்தப் பின் சக்கரம் முந்திக்கொண்டு தள்ளும். ஜிஆர் யாரிஸ் வந்தபோது ஒரு பட்டனில் முன்பின் பங்கு 60:40, இன்னொன்றில் 30:70, மற்றொன்றில் 50:50 என்று கொடுக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

அதைவிட ஒரு படி மேலே போனவை பின் ஆக்சிலில் இரண்டு கிளட்ச் வைத்தவை, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. 350 குதிரைத்திறன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 2016இல் இதோடு வந்தது, 2019இல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ், 2020இல் எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆர். வளைவில் பின்பக்க விசை முழுவதையும் வெளிச் சக்கரத்துக்கே கொடுத்துவிட முடியும். மாட்டு வண்டியைத் திருப்பும்போது என்ன செய்வோம்? உள்மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிக்கலாம், அல்லது வெளிமாட்டைத் தட்டிவிடலாம். பிரேக்கை வைத்துச் சமாளிக்கிற கார்கள் உள்மாட்டைப் பிடிக்கின்றன. இந்த இரட்டைக் கிளட்ச் கார்கள் வெளிமாட்டைத் தட்டிவிடுகின்றன. வண்டி திரும்புவது இரண்டிலும் நடக்கும், ஆனால் ஒன்றில் வேகம் குறைகிறது, மற்றதில் வேகத்தோடு திரும்புகிறது. உடுமலைப் பக்கம் ரேக்ளா ஓட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம்கூட விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலை ரோட்டில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும். ஆல் வீல் டிரைவ் நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது, நிற்பது டயரும் ரோடும் பேசிக்கொள்கிற விஷயம். இழுவை நாலு சக்கரத்துக்கும் போவதால் ஈரத்தில் மிதித்தாலும் கார் வழுக்காமல் ஏறும், அதனால் ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே போகும், அடுத்த வளைவுக்கு இன்னும் அதிக வேகத்தில் வந்து சேர்வார். அங்கே நிறுத்தும்போதுதான் தெரியும். வால்பாறையிலிருந்து இறங்கும்போதோ, திம்பத்தின் 27 வளைவுகளில் பண்ணாரிக்கு இறங்கும்போதோ நாலு சக்கர இழுவை உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. நல்ல டயரும் குறைந்த கியரும்தான் செய்யும்.

செலவும் உண்டு. விசையைப் பின்னால் கொண்டுபோகிற நீளமான ஷாஃப்ட், பின் டிஃபரன்ஷியல், கிளட்ச் எல்லாம் சேர்ந்தால் எடை கூடும், மைலேஜ் குறையும், கிளட்ச் எண்ணெயைக் காலத்துக்கு மாற்ற வேண்டும். நம் ஊரில் பலரும் டயரை இரண்டு இரண்டாக மாற்றுகிறோம், இந்தக் கார்களில் அந்தப் பழக்கம் ஆகாது. புதுசும் தேய்ந்ததும் சுற்றளவில் வேறுபடுவதால் நேர் ரோட்டிலும் நடுக் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும்.

நம் நாட்டுக்கு வந்தால் விலைதான் பெரிய மலை. ஏ45 எஸ் 2021 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது, 421 குதிரைத்திறன், விலை 79.5 லட்சம். கோல்ஃப் ஜிடிஐ 2025இல் வந்தபோது 53 லட்சம், அதுவும் முன் சக்கர இழுவை மட்டும்தான். இரண்டும் முழுசாக இறக்குமதியாகி வந்தவை. ஒரு நிறுவனம் வருஷத்துக்கு 2,500 கார் வரை இங்கே தனிச் சோதனை இல்லாமல் கொண்டுவரலாம் என்று 2018இல் அரசு விதியைத் தளர்த்தியதால்தான் இப்படிப்பட்ட கார்கள் வருவதற்கே ஒரு வாசல் திறந்தது. ஆனால் வாசலிலேயே சுங்க வரி நிற்கிறது. ஒரு தகவல் எனக்கு எப்போதும் உறுத்தும்: ஜிஆர் யாரிஸின் நீளம் 3,995 மில்லிமீட்டர். நம் நாட்டின் சின்னக் கார் வரிச் சலுகைக்கு நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும், இது ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை, இதன் எஞ்சின் 1,618 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள ஜிஎஸ்டி கணக்கில் சின்னக் காருக்கு 18 சதவீதம், மற்றதற்கு 40 சதவீதம். அந்த நானூற்றுச் சொச்சம் சிசியில் கை நழுவிப் போகிறது.

அப்படியும் ஏன் காத்திருக்கிறோம்? கோவை மண்ணுக்கு இந்தக் காய்ச்சல் புதுசில்லை. கரிவர்தன் இங்கேதான் ஃபார்முலா மாருதி என்கிற பந்தயக் கார்களை உருவாக்கி, ஓரளவு செலவில் பந்தயம் ஓட்டலாம் என்று இளைஞர்களுக்குக் காட்டினார். 1995இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார், செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். தேசிய ராலிச் சுற்று நம் ஊர் மண் ரோடுகளில் நடக்கும்போது விடியற்காலையில் போய் ஓரமாக நின்று புழுதி குடித்தவர்கள் நாங்கள். லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில், ஒரு இரும்புத் துண்டை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் பம்ப் உதிரிபாகம் கடைகிறவர். ஏ45 எஸ்ஸின் பின் கிளட்ச் படத்தை அவர் பார்க்கிற மாதிரி நான் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

மின்சாரக் கார்கள் இந்தப் பேச்சை வேறு பக்கம் இழுக்கின்றன. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், நடுவில் ஷாஃப்டே கிடையாது, பங்கு பிரிப்பது முழுக்க மென்பொருள். 2023இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என் முழு விசையில் 650 குதிரைத்திறன் வரை கொடுக்கிறது. கிளட்ச் அழுந்துவதற்கு ஆகிற நேரம்கூட இதில் தேவையில்லை. ஆனால் எடை 2,200 கிலோவுக்கு அருகில். கொண்டை ஊசி வளைவில் ஆயிரம் கிலோ கூடுதலாகத் திருப்புவது எனக்கு மனசு ஒப்பவில்லை, இது என் ருசி. கூட்டத்தில் இரண்டு பேர் இதற்கு நேர் எதிர், அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

புதிய கார் ஒன்று அறிவிக்கப்பட்டால் நான் குதிரைத்திறனைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் எடை. அப்புறம் நடுவில் என்ன, டிஃபரன்ஷியலா கிளட்சா. பின்னால் கிளட்ச் ஒன்றா இரண்டா, அல்லது சாதாரண டிஃபரன்ஷியலோடு பிரேக்கை வைத்துச் சமாளிக்கிறார்களா. முன்னால் லிமிடெட் ஸ்லிப் உண்டா. கையால் மாற்றும் கியர் உண்டா. இவ்வளவு தெரிந்தால் ஈர ரோட்டில் அந்தக் கார் எப்படிப் பேசும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

போன வாரம் சித்தப்பா மகன் மறுபடி பேக்கரிக்கு வந்தான். அதே ஸ்டிக்கர் ஒட்டிய காரின் இன்னொரு படம், இந்த முறை பின்பக்கம் இன்னும் தாழ்வாக எடுத்தது, அவனே எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறான். போனை மேஜை நடுவில் வைத்து, விரலால் பெரிதாக்கி, அந்தக் கறுப்பு உருண்டையிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகிற தண்டைக் காட்டினான். "டிஃபரன்ஷியல்தானுங்ணா. ஆனா கிளட்ச் ஒண்ணா ரெண்டான்னுதான் தெரியல."

பம்ப் பட்டறைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு போனைத் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு டீ சொன்னோம்.